மதகைத் திறப்பவரைத் தனியே விடாதீர்கள்: அணை விதிகளை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அணைகளின் இயக்க விதிகளை வகுத்து ஒப்புதல் தரும் நீர்வளத் துறை உயரதிகாரிகளுக்கும், ஆற்றுப் படுகை வாரியங்களின் உறுப்பினர்களுக்கும், அவர்களுக்கு மேலே இருந்து முடிவெடுக்கும் அமைச்சர்களுக்கும்,

வணக்கம்.

எந்தப் பெருவெள்ளத்துக்குப் பிறகும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "முன்னாடியே திறந்து விட்டிருக்கலாமே?" வீட்டுக்குள் சேறு புகுந்தவர்கள் கேட்கிறார்கள், செய்தியாளர்கள் கேட்கிறார்கள், பிறகு விசாரணைக் குழுவும் கேட்கிறது. நியாயமான கேள்விதான். ஆனால் அது கடைசியில் போய் நிற்பது அன்று இரவு கட்டுப்பாட்டு அறையில் பணியில் இருந்த பொறியாளரின் முன்னால். நான் அவருக்கு எழுதவில்லை, உங்களுக்கு எழுதுகிறேன். அவர் எதைச் செய்யலாம், எதைச் செய்தால் மாட்டிக்கொள்வார் என்பதை எழுதி வைத்திருப்பவர்கள் நீங்கள். பல அணைகளில் எழுதாமல் விட்டிருப்பவர்களும் நீங்கள்தான்.

அந்த அறையில் என்ன நடக்கிறது என்பதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கிறேன். எண்கள் என் கற்பனை, கணக்கு உண்மை. 30 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி) கொள்ளளவுள்ள அணையில் 26 டி.எம்.சி. இருப்பு இருக்கிறது. நீர்ப்பிடிப்புப் பகுதி 5,000 சதுர கிலோமீட்டர். இரண்டு நாள் கழித்து 100 முதல் 200 மில்லிமீட்டர் வரை மழை பெய்யலாம் என்று அறிவிப்பு வருகிறது. 200 மி.மீ. அந்தப் பரப்பு முழுவதும் பெய்தால் விழும் தண்ணீர் 35 டி.எம்.சி. மண் ஏற்கெனவே ஊறிக் கிடந்து அதில் 70 சதவீதம் ஓடி வந்தால், அணைக்கு வருவது ஏறக்குறைய 25 டி.எம்.சி. மழை 100 மி.மீ. மட்டுமே பெய்து, மண்ணும் காய்ந்திருந்து, கால்வாசிதான் ஓடி வந்தால், வருவது நாலரை டி.எம்.சி. கூட இருக்காது. அறிவிப்பு ஒன்றுதான். ஆனால் அது அணைக்கு நான்கரையும் ஆகலாம், இருபத்தைந்தும் ஆகலாம்.

கீழே ஆறு கரை மீறாமல் தாங்குவது நொடிக்கு 40,000 கன அடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் முழுக்க 11,574 கன அடி போனால் ஒரு டி.எம்.சி. அப்படியானால் 40,000 கன அடியில் ஒரு நாளைக்கு மூன்றரை டி.எம்.சி. இறக்கலாம். இன்றே திறந்தால் மழை வருவதற்குள் ஏழு டி.எம்.சி. இடம் கூடுதலாகக் கிடைக்கும். "நாளைக்குப் பார்ப்போம், அறிவிப்பு இன்னும் தெளிவாகட்டும்" என்று ஒரு நாள் காத்திருந்தால் அதில் பாதி போய்விடும். இரண்டு நாளும் காத்திருந்து, பெருமழை வந்தேவிட்டால், 4 டி.எம்.சி. இடத்தை வைத்துக்கொண்டு 25 டி.எம்.சி.யைச் சமாளிக்க வேண்டும். அது ஒரே நாளில் வந்து சேர்ந்தால், கீழே போவது சராசரியாக 2,40,000 கன அடிக்கு மேல். முன்பே திறந்திருந்தால் அது ஏறக்குறைய 1,60,000. அப்போதும் வெள்ளம் வெள்ளம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் இந்த இரண்டுக்கும் இடையில் எத்தனையோ தெருக்கள் இருக்கின்றன.

சரி, இன்றே திறந்தார். மழை ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்ப் பக்கத்து ஆற்றின் நீர்ப்பிடிப்பில் கொட்டிவிட்டது. ஏழு டி.எம்.சி. கடலுக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு பாசனத்துக்குத் தண்ணீர் குறைகிறது, மின்வாரியம் இழப்புக் கணக்கைக் காட்டுகிறது, குடிநீர் வாரியம் கடிதம் எழுதுகிறது. "இவ்வளவு தண்ணீரை யார் சொல்லித் திறந்தாய்?" என்ற கேள்விக்கு அவர் கையில் காட்ட ஒரு காகிதம் இல்லை. திறக்காமல் இருந்து வெள்ளம் வந்தாலோ, "எதிர்பாராத மழை" என்று சொல்லிக்கொள்ள வழி இருக்கிறது. அணை நிரம்பிய பிறகு வந்ததையெல்லாம் அப்படியே விடுவதற்கு விதியும் இருக்கிறது. இந்த நிலையில் நீங்களாக இருந்தாலும், நானாக இருந்தாலும், காத்திருக்கத்தான் செய்வோம். பயந்தவர்கள் என்பதால் இல்லை. காத்திருந்தால் குற்றம் மழையின் மீது போகும், திறந்தால் குற்றம் கையெழுத்துப் போட்டவர் மீது விழும். இந்த அமைப்பை மாற்றாமல் எத்தனை ரேடார் வாங்கிக் கொடுத்தாலும் மதகு நேரத்துக்குத் திறக்காது.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்ததை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். 1974 வெள்ளத்துக்குப் பிறகு கட்டப்பட்டது விவென்ஹோ அணை. குடிநீருக்கு ஒதுக்கிய இடத்தைவிட வெள்ளத்துக்கு ஒதுக்கிய இடம் அதில் பெரிது. உலகத்தில் அப்படி அமைந்த அணைகள் நிறைய இல்லை. ஆனால் 2007-இல் கடும் வறட்சியால் அந்த வட்டாரத்து அணைகளின் மொத்த இருப்பு 20 சதவீதத்துக்கும் கீழே போனது. அந்த நினைவு ஆறுவதற்குள் 2011 ஜனவரியில் மழை கொட்டியது. அங்கே கையேடு இருந்தது. நீர்மட்டத்தைப் பொறுத்து எந்தக் கட்டத்தில் எதற்கு முன்னுரிமை என்று நான்கு உத்திகள் அதில் இருந்தன. கடைசி உத்தியில்தான் அணையின் பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் மேல். மட்டம் 74 மீட்டரை எட்டியபோது அந்தக் கட்டம் வந்தது. ஜனவரி 11 அன்று திறப்பு நொடிக்கு ஏறக்குறைய 7,500 கன மீட்டர் வரை போனது. நம் கணக்கில் 2,60,000 கன அடிக்கு மேல். இரண்டு நாளில் நகரம் மூழ்கியது.

பிறகு நடந்ததுதான் இந்த மடலுக்கு முக்கியம். விசாரணை ஆணையம் அமர்ந்தது. பாதிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோர் வழக்குப் போட்டார்கள். வாதம் எதைச் சுற்றி நடந்தது தெரியுமா? பொறியாளர்கள் வானிலை முன்னறிவிப்பை நம்பித் திறந்திருக்க வேண்டுமா, அல்லது தரையில் விழுந்துவிட்ட மழையை மட்டும் கணக்கில் எடுத்தது சரியா என்பதைச் சுற்றி. 2019-இல் நீதிமன்றம் அவர்கள் கவனக்குறைவாக நடந்தார்கள் என்றது. 2021-இல் மேல்முறையீட்டில், அணையை இயக்கிய நிறுவனத்துக்கு எதிரான தீர்ப்பு ரத்தானது. அதே மழை, அதே கையேடு, அதே மனிதர்கள், இரண்டு தீர்ப்பு. பத்து ஆண்டுகள் நீதிபதிகளும் நிபுணர்களும் உட்கார்ந்து பிரிக்க வேண்டியிருந்த முடிச்சை, தூக்கமில்லாத சில பொறியாளர்கள் சில மணி நேரத்தில் பிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தோம். முன்னறிவிப்பை எவ்வளவு நம்பலாம் என்று மழைக்கு முன்பே தெளிவாகத் தீர்த்து வைத்திருந்தால், அந்த வழக்கில் பாதி நடந்திருக்காது.

முன்னறிவிப்பை நம்பாமல் இருப்பது பாதுகாப்பான பக்கம் என்றும் நினைத்துவிட வேண்டாம். அதற்கும் விலை உண்டு. கலிஃபோர்னியாவில் மெண்டோசினோ ஏரி என்ற நீர்த்தேக்கம் இருக்கிறது. 2012 டிசம்பரில் பெருமழையில் அது நிரம்பியது. வெள்ளத்துக்கு இடம் காலியாக இருக்க வேண்டும் என்பது விதி, அதனால் தண்ணீரை வெளியேற்றினார்கள். அடுத்து வந்த 2013, அந்த மாநிலத்தின் பதிவுகளிலேயே மிக வறண்ட ஆண்டுகளில் ஒன்று. 2014-இல் ஏரி அடிமட்டத்தைக் காட்டியது. விதி எழுதப்பட்ட காலத்தில் இன்றைய முன்னறிவிப்புகள் இல்லை, அதனால் வானத்தில் மேகமே இல்லாதபோதும் அந்த விதி தண்ணீரைக் கொட்டச் சொன்னது. பிறகு ஆராய்ச்சியாளர்களும் அணை நிர்வாகமும் சேர்ந்து, அடுத்த சில நாட்களில் பெருமழை வரும் வாய்ப்பு இல்லையென்றால் கூடுதலாகத் தேக்கலாம், வாய்ப்பு தெரிந்தால் இறக்க வேண்டும் என்று சோதித்துப் பார்த்தார்கள். 2020 நீராண்டில் (அக்டோபர் முதல் செப்டம்பர் வரையிலான கணக்கு ஆண்டு) அதனால் 19 சதவீதம் கூடுதல் தண்ணீர் மிஞ்சியது. வெள்ளத்துக்கு இடம் விடு என்று கேட்பவர்களும் தண்ணீரைச் சேமி என்று கேட்பவர்களும் எதிரிகள் இல்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி இது.

அப்புறம், "கனமழை பெய்யக்கூடும்" என்ற ஒற்றை வரி. அதை வைத்துக்கொண்டு யாராலும் அணையை இயக்க முடியாது. இன்று பெரிய வானிலை மையங்கள் ஒரே முன்னறிவிப்பைத் தருவதில்லை. ஐரோப்பிய மையம் 1992-இலிருந்தே கணிப்பு தொடங்கும் நேரத்து வானிலை நிலையைச் சிறிது சிறிதாக மாற்றிப் பல முறை கணிக்கிறது. ஒவ்வொரு முறையும் 51 கணிப்புகள் கிடைக்கின்றன. அவற்றில் 12 கணிப்புகள் உங்கள் நீர்ப்பிடிப்பில் பெருமழையைக் காட்டினால், வாய்ப்பு ஏறக்குறைய நாலில் ஒன்று. அது போதுமா, போதாதா என்பது வானிலையாளர் சொல்ல வேண்டிய பதில் இல்லை, அணைப் பொறியாளர் சொல்ல வேண்டியதும் இல்லை. கீழே வெள்ளத்தால் வரும் இழப்பு, வீணாகும் தண்ணீரின் மதிப்பைப் போலப் பத்து மடங்கு என்றால், பத்தில் ஒரு வாய்ப்பு இருக்கும்போதே திறப்பதுதான் நீண்ட காலத்தில் லாபம். ஐந்து மடங்கு என்றால் ஐந்தில் ஒன்று. அந்த மடங்கைத் தீர்மானிப்பது மக்களின் பிரதிநிதிகள் செய்ய வேண்டிய வேலை, உங்கள் வேலை. ஒருவர் உயிருக்கும் இன்னொருவர் பயிருக்கும் இடையிலான நிறையைப் போட்டுப் பார்க்கும் வேலையை நள்ளிரவில் ஒரு அரசு ஊழியரின் தலையில் கட்டுவது அநியாயம்.

இப்படிச் செய்தால் பத்து முறை திறந்ததில் பல முறை மழை வராது. அதைத் தோல்வி என்று யாரும் எழுதக் கூடாது. விதிப்படி திறந்து மழை பொய்த்தால், அது விதியின் செலவு. அந்தச் செலவைத் திறந்தவர் தலையில் கட்டக் கூடாது, பாசன விவசாயியின் தலையிலும் கட்டக் கூடாது.

ஜப்பான் இந்த இடத்தில்தான் ஒரு உருப்படியான காரியம் செய்திருக்கிறது. 2018 ஜூலையில் எஹிமே மாவட்டத்து ஹிஜி ஆற்றில் நோமுரா அணை நிரம்பி, வரும் தண்ணீரை அப்படியே வெளியே விடும் நிலைக்குப் போனது. கீழே ஊர் மூழ்கியது, உயிர்கள் போயின. அதற்குப் பிறகு அந்த நாடு மின்சாரத்துக்காகவும் பாசனத்துக்காகவும் கட்டிய அணைகளையும் சேர்த்து ஆற்றுக்கு ஆறு உடன்பாடு போட்டது: பெருமழை வரும் என்று தெரிந்தால் சில நாட்களுக்கு முன்பே இந்த அளவு இறக்குவோம் என்று. அப்படி இறக்கிய தண்ணீர் பிறகு திரும்பி வரவில்லை என்றால் இழப்பை ஈடுசெய்யவும் ஏற்பாடு செய்தது. ஒரு புது அணைகூடக் கட்டாமல், வெள்ளத்துக்குப் பயன்படுத்தக்கூடிய இடம் நாடு முழுவதும் ஏறத்தாழ இரட்டிப்பானது. மின் நிறுவனமும் விவசாயிகளும் இதற்கு ஒத்துக்கொண்டது பெருந்தன்மையால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. இழந்தால் கிடைக்கும் என்று எழுத்தில் இருந்தது.

2018 ஆகஸ்டில் கேரளத்தில் நடந்ததைப் பற்றிப் பேசாமல் தமிழில் இந்த மடலை எழுத முடியாது. ஜூன் முதல் ஆகஸ்ட் 19 வரை வழக்கத்தைவிட 42 சதவீதம் கூடுதல் மழை. இடுக்கியின் மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பிறகு ஆகஸ்ட் 9 அன்று திறந்தன. மாதத்தின் நடுவில் பெருமழை வந்தபோது பெரிய நீர்த்தேக்கங்களில் இடம் அதிகம் மிச்சமில்லை. அணைகளில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்திருந்தாலும் வெள்ளம் பெரிதாகக் குறைந்திருக்காது என்று மத்திய நீர் ஆணையம் பிறகு சொன்னது. அதை மறுக்க எனக்குத் தகுதி இல்லை. அந்த அளவு மழையில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பருவமழை இன்னும் பாதியில் இருக்கும்போது அணை எவ்வளவு நிரம்பியிருக்கலாம் என்பதைப் பத்து நாளுக்கு ஒரு முறை வரையறுக்கும் ரூல் கர்வ் அங்குள்ள பல அணைகளுக்கு வெள்ளத்துக்குப் பிறகுதான் வந்தது. சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணையில் ஒவ்வோர் ஆண்டும் ஜூனுக்குள் நீர்மட்டத்தை 175 மீட்டரிலிருந்து 145-க்கு இறக்கிவிடுகிறார்கள். 2,200 கோடி கன மீட்டருக்கு மேல் இடம் காலியாகக் காத்திருக்கிறது. வெள்ளக் காலம் முடியும்போதுதான் மறுபடி நிரப்புகிறார்கள். இதற்கு எந்த முன்னறிவிப்பும் வேண்டாம், காலண்டர் போதும். முதலில் காலண்டர் விதி, அதன் மேல் முன்னறிவிப்பு விதி. முதலாவதே இல்லாத இடத்தில் இரண்டாவதைப் பற்றிப் பேசுவது வீண்.

இன்னொன்று, கூட்டங்களில் யாரும் பேசாதது. முன்கூட்டியே திறக்க வேண்டும் என்று விதியில் எழுதினால் மட்டும் தண்ணீர் வெளியே போகாது. பல அணைகளில் பெரிய ஷட்டர்கள் அணையின் மேல்பகுதியில் இருக்கின்றன. நீர்மட்டம் ஷட்டரின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், அதற்கப்புறம் சிறிய மதகுகளும் மின் நிலையத்தின் குழாய்களும்தான் வழி, அவற்றில் போவது சொற்பம். விதி "இன்னும் இரண்டு டி.எம்.சி. இறக்கு" என்று சொல்லும், சுவர் "முடியாது" என்று சொல்லும். கலிஃபோர்னியாவின் ஃபால்சம் அணையில் இதைப் புரிந்துகொண்டு, பழைய ஷட்டர்களைவிட 50 அடி கீழே ஒரு புதிய வழிந்தோடியைக் கட்டி 2017-இல் முடித்தார்கள். அதற்கடுத்துத்தான், முன்னறிவிப்பை வைத்து இடம் ஒதுக்கும் புதிய கையேடு 2019-இல் வந்தது. உங்கள் அணைகளில் எத்தனை டி.எம்.சி.யை எத்தனை மணி நேரத்தில் உண்மையில் இறக்க முடியும் என்ற அட்டவணையை வெளியிடுங்கள். வண்டல் தின்ற கொள்ளளவையும் கழித்துப் போடுங்கள். அறுபது ஆண்டுக்கு முந்தைய கொள்ளளவை வைத்துப் போடும் கணக்கு அந்த இரவில் பொய்த்துவிடும்.

கீழே இருக்கும் ஆற்றையும் கேட்கிறேன். மேலே சொன்ன கணக்கில் ஆறு 40,000 கன அடி தாங்கும் என்று வைத்தேன். அது 20,000 ஆகச் சுருங்கிவிட்டால் முன்திறப்பின் பயன் பாதியாகிவிடும். ஆற்றின் வெள்ளத் தடத்தில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் நீங்களோ உங்கள் பக்கத்து அலுவலகமோ கொடுக்கும் அனுமதி, அணையில் இருப்பவரின் கையைக் கட்டுகிறது. இதைப் பற்றி நிறையப் பேசியாயிற்று, மேலும் நீட்டவில்லை.

எச்சரிக்கையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் முதல் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் போனது 29,000 கன அடி என்று அரசுத் தரப்பு சொன்னது. அந்த எண் மீது பின்னாளில் எத்தனையோ வாதங்கள் நடந்தன. அன்று இரவு கரையோரம் தூங்கிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்துக்கு அந்த எண் கிடைத்தே இருந்தாலும் அதை வைத்து என்ன செய்திருக்கும்? 29,000 கன அடி என்றால் தெருவில் கணுக்கால் அளவா, ஜன்னல் அளவா? எத்தனை மணிக்கு? பாட்டியைக் கட்டிலோடு மாடிக்குத் தூக்க வேண்டுமா, ஊரைவிட்டே போக வேண்டுமா? "தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்" என்ற வரியில் இதற்கெல்லாம் பதில் இல்லை. தன் வீடு தாழ்வான பகுதி என்பது பலருக்குத் தண்ணீர் வந்த பிறகுதான் தெரிகிறது.

நீங்கள் திறப்பை நான்கு படிகளாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு படிக்கும் தண்ணீர் எந்தத் தெரு வரை வரும் என்ற வரைபடம் இருக்கட்டும். அந்த மட்டத்தை மின்கம்பங்களில் வண்ணக் கோடாகப் போடுங்கள். "இரண்டாம் படி, இரவு ஒன்பது மணிக்கு உங்கள் பகுதிக்கு வரும்" என்று செல்பேசியிலும் ஒலிபெருக்கியிலும் சொன்னால் படிக்காதவருக்கும் புரியும். பெரிய திறப்பை முடிந்தவரை பகலில் தொடங்குங்கள். மேலே ஒன்றுக்கு மேல் அணைகள் இருந்தால், எல்லாவற்றின் தண்ணீரும் ஒரே நேரத்தில் நகரத்துக்கு வந்து சேராதபடி பார்த்துக்கொள்ள ஒரே அறை, ஒரே பொறுப்பாளர் இருக்கட்டும். மின்வாரியத்தின் அணை ஒரு துறை, பாசன அணை இன்னொரு துறை என்பதை ஆறு பார்ப்பதில்லை. அப்படியே, திறக்கப்போவதில்லை என்று முடிவெடுத்தாலும் அதையும் அறிவியுங்கள். ஏன் என்றும் இரண்டு வரி எழுதுங்கள்.

கடைசியாக, விசாரணையைப் பற்றி. ஒரு முடிவு எடுக்கப்பட்ட மணியில் என்ன தெரிந்திருந்ததோ அதை வைத்தே அந்த முடிவை எடைபோட வேண்டும். அதற்காக ஒவ்வொரு ஆறு மணி நேரத்துக்கும் எந்த முன்னறிவிப்பு கையில் இருந்தது, நீர்வரத்து எவ்வளவு, விதி என்ன சொன்னது, என்ன செய்தார்கள் என்பதை அன்றே பதிவு செய்து, மழைக்காலம் முடிந்ததும் பொதுவில் வையுங்கள். விதிப்படி நடந்தவருக்கு அந்தப் பதிவே பாதுகாப்பு. விதியை மீறியவருக்கு அதே பதிவு சாட்சி. தொலைபேசியில் வாய்வழியாக வரும் "கொஞ்சம் பொறுங்க, மேலே கேட்டுச் சொல்றேன்" என்ற உத்தரவும் நேரத்தோடும் சொன்னவரின் பதவியோடும் அதில் ஏற வேண்டும். அப்படிக் காத்திருந்த மணி நேரங்களுக்கு யார் பொறுப்பு என்பது அப்போது தெரியும்.

அணைக்குக் கீழே குடியிருப்பவர்களான நாங்களும் இதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ள வேண்டும், அதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் ஒருதலைப்பட்சமாகிவிடும். மழை வராமல் போன ஆண்டில் "தண்ணீரை வீணாக்கிவிட்டார்கள்" என்று கூச்சல் போடுபவர்களில் நாங்களும் இருக்கிறோம். எத்தனை வாய்ப்பில் எவ்வளவு திறப்பது, பொய்த்தால் யாருக்கு எவ்வளவு ஈடு என்ற விதியை எங்களையும் பாசன விவசாயிகளையும் ஒரே மேசையில் உட்கார வைத்து எழுதினால், பிறகு அந்தக் கூச்சலைப் போட எங்களுக்கு உரிமை இருக்காது. அந்த உரிமையை விட்டுக்கொடுக்க நாங்கள் தயார்.

அடுத்த மழைக்காலத்துக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. வரைவு விதியை ஒவ்வோர் அணைக்கும் தனித்தனியாக, நாங்கள் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் வெளியிடுங்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்தின் தேதியையும் இடத்தையும் சொல்லுங்கள். விவசாயிகள் வர முடிகிற நாளாக, அறுவடை இல்லாத நாளாக அது இருக்கட்டும். நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
அணைக்குக் கீழே, ஆற்றங்கரையில் குடியிருக்கும் ஒருவன்